கத்தரிப் பாத்தியில் மெழுகுதிரி

"யன்னலைத் திறக்க ஏலாது, யன்னல் கேட்டினை இழுக்க ஏலாது. ஒண்டில் உந்தக் கத்தரிக் கண்டுகள் இருக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கிறன்," என்றாள் சிவமலர் கணவனிடம்.

ஜனவரிக் கடைசியில் யோகட் கோப்பைகளில் நித்தியானந்தன் போட்ட விதைகள் அவை. பல வருடம் காத்திருந்த பிறகு, பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸ் தோட்டச் சங்கம் இந்த வசந்தத்தில்தான் அவனுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்திருந்தது. முதல் காய் கோயில் அன்னதானத்துக்கு என்று எல்லாரிடமும் சொல்லியும் விட்டான். ஏப்ரல் பிறந்து இரண்டு நாள் நல்ல வெயில் எறித்தது. கன்றுகளைக் கொண்டுபோய் நட்டான்.

அடுத்த நாளே கைபேசி சொன்னது: இன்றிரவு மைனஸ் இரண்டு.

"மே நடுப்பகுதி வரைக்கும் வெளியில நடக்கூடாது எண்டு சுவிஸ்காரர் எல்லாரும் சொல்லுறவை," என்றாள் சிவமலர்.

"நீர்தானே எடுக்கச் சொன்னனீர்?"

"மற்ற அறைக்குள்ள வைக்கச் சொன்னனான். பனிக்குள்ள வைக்கச் சொன்னனானோ?"

திராட்சைத் தோட்டக்காரர் வரிசைகளுக்கிடையில் மெழுகுதிரி கொளுத்தி உறைபனியை விரட்டுவதை நித்தியானந்தன் டிவியில் பார்த்திருந்தான். கடைக்கு ஓடினான். இரவு முழுக்க எரியும் என்று போட்டிருந்த மெழுகுதிரிகள், சிவப்புக் கோப்பையில், மூடியோடு, மலிவாகக் கிடைத்தன. வளைத்து ஊன்றிய தடிகளின்மேல் பழைய வெள்ளை வேட்டியொன்றை விரித்தான். காற்றுக்குப் பறக்காமல் சுற்றிவரக் கல் வைத்தான். நாலு பக்கமும் மெழுகுதிரி ஏற்றினான். ஆள் நீளப் பாத்தி. பார்க்க அவனுக்கே திருப்தியாக இருந்தது.

காலையில் போனபோது கன்றுகள் உயிரோடு நின்றன. வேலிக்கு வெளியே கைத்தடியோடு ஒரு சுவிஸ் மூதாட்டி நின்று அழுதுகொண்டிருந்தார். எதிர்க் கட்டடத்தில் இருக்கும் ஃப்ராவ் ஏபிஷர். அவன் கையைப் பிடித்து பேர்ன் பேச்சில் நிறையச் சொன்னார். நித்தியானந்தனுக்குத் தெரிந்தது உணவகச் சமையலறை ஜெர்மன். அதற்குள் சட்டியும் கரண்டியும் 'கெதியா' என்ற விரட்டலும்தான் உண்டு. கடைசியில் அவர் ஏதோ கேட்டார். விளங்காத எல்லாக் கேள்விகளுக்கும் சொல்வதுபோல, "யா, யா," என்றான்.

அவர் இன்னும் அழுதார்.

வீட்டுக்கு வந்து மெழுகுதிரிக் கோப்பையைக் காட்டினான். சிவமலர் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, இது சவக்காலையில கொளுத்துறதப்பா! உங்கட வீட்டில ஆரோ செத்துப்போச்சினம் எண்டு மனுசி நினைச்சிட்டா. நீங்களும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறியள்."

"இனி என்ன செய்யிறது?"

"முதல்ல உந்த மெழுகுதிரியளை மாத்துங்கோ."

அன்றிரவும் குளிர். மெழுகுதிரிகளை எடுத்துவிட்டு, கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்கிய சிட்டிகளில் எண்ணெய் விட்டு ஏற்றினான். காலையில் பாத்தியின் தலைமாட்டில் ஒரு போத்தலில் மஞ்சள் பூக்கள் இருந்தன. ஃப்ராவ் ஏபிஷர் வேலிக்கு அப்பால் நின்று, தமிழரைப்போலக் கை கூப்பினார்.

"விளக்கைக் கண்டு உங்கட சமய முறை எண்டு நினைச்சிருப்பா," என்றாள் சிவமலர். "பயிர்தான் நிக்குது எண்டு ஒரு பலகை எழுதி வையுங்கோ."

ஜெர்மன் எழுத்துப் பிழைத்தால் வெட்கம். படமென்றால் யாருக்கும் விளங்கும் என்று ஒரு பலகையில் ஊதா நிறத்தில் கத்தரிக்காய் வரைந்தான். காம்பை மட்டும் மறந்துவிட்டான். கீழே விதை போட்ட தேதியை எழுதி, பலகையைத் தலைமாட்டில் நட்டான்.

சிவமலர் பிற்பகல் வந்து பார்த்தாள்.

"கண்ணீர்த்துளி மாதிரிக் கிடக்கு. பிறந்த திகதியும் போட்டாச்சு. மற்றத் திகதிதான் மிச்சம்."

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் மண்வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்.

மாலையில் சங்கத் தலைவர் தொலைபேசியில் வந்தார்; சிவமலர்தான் கேட்டுச் சொன்னாள். தோட்டத்தில் எதையும் புதைக்க விதி இடம் கொடுக்காது. சனிக்கிழமை நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நிலத்தைத் திருப்பி எடுக்க நேரிடும்.

நித்தியானந்தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "இத்தனை வருசம் காத்திருந்து எடுத்த நிலமப்பா," என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு சிவமலர் ஏசவில்லை. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். கிழவர்களின் பேர்ன் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சனிக்கிழமை தானே கதைப்பதாகச் சொல்லி, கோட்டைப் போட்டுக்கொண்டு கூட வந்தாள்.

தலைவர் வந்திருந்தார். ஃப்ராவ் ஏபிஷரும் புதுப் பூவோடு நின்றார். சிவமலர் எல்லாவற்றையும் சொன்னாள்: யன்னல், கேட்டின், மைனஸ் இரண்டு, டிவி. தலைவர் பாத்தியின்மேல் கிடந்த வேட்டியின் ஒரு நுனியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கத்தரிக் கன்றுகள் பச்சைப் பசேலென்று நின்றன. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிலம் உங்களுடையதுதான், ஆனால் மே வரை பொறுத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனார்.

ஃப்ராவ் ஏபிஷர் மட்டும் சிரிக்கவில்லை.

நித்தியானந்தன் அவர் முன்னால் போய் நின்று, சிவமலரைத் திரும்பிப் பார்த்தான். "சொல்லும், எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லை, அண்டைக்கு விளங்காமல் தலையாட்டிப்போட்டன், மன்னிக்கச் சொல்லும்."

சிவமலர் சொன்னாள். மூதாட்டி படலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி நெடுநேரம் கதைத்தார். சிவமலரின் முகம் மாறிக்கொண்டே போனது. மெதுவாக ஓரடி பின்னால் வந்து நின்றாள்.

"என்னவாம்? கோவமாமோ?"

"இல்லை. இது போன வருசம் வரைக்கும் அவையின்ரை தோட்டமாம். செத்துப்போன தன்ரை மனுசன்ரை சாம்பலை ஒருத்தருக்கும் சொல்லாமல் இந்தப் பாத்திக்குள்ளதான் புதைச்சவவாம். அது தெரிஞ்சுதான் கொளுத்தினனியளோ எண்டு அண்டைக்குக் கேட்டவவாம், நீங்கள் ஓம் எண்டியளாம். உங்களுக்கு அதை ஆர் சொன்னது எண்டு இப்பவும் கேக்கிறா."