தொண்ணூறு சதவீத மருந்துக்கடை

டுவேன் பிரெக்கியின் கார்டை இயந்திரம் மூன்றாவது முறையாக மறுத்தது.

“இன்னொரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?” என்றாள் மருந்துக்கடைக்காரி மார்லிஸ் டோலெஃப்சன்.

“வேண்டாம் மார்லிஸ். பாவம், அதுக்கும் அலுத்துப்போயிருக்கும்.”

டுவேன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். கார்டு பள்ளி நிர்வாகம் கொடுத்தது. சம்பளத்தில் மருந்துக்கென்று வரியில்லாமல் ஒதுக்கிய பணம் அதில் இருந்தது. டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் போய்விடும்.

“ரொக்கமா குடேன். இல்ல, அப்புறம் குடு. மூலத்தோட பஸ் ஓட்டுறது லேசுப்பட்ட காரியமா?” மார்லிஸின் குரல் எப்போதும் கடைசி அலமாரிவரை போகும். அங்கே பல்பசை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் இன்னும் உன்னிப்பாகப் பல்பசை பார்த்தார்கள்.

“கார்டுல பணம் வீணாப் போகுமே. நான் லேக்டன் கடைக்கே போயிடறேன், அங்க இந்தக் கார்டு செல்லும். இருபது மைல்தானே.” களிம்பை ஓசையில்லாமல் அலமாரியில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த மாதத்தில் அவன் பன்னிரண்டாவது ஆள். மின்னசோட்டாவின் இந்தச் சிற்றூரில் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்லும் ஒரே ஜீவன் அந்த இயந்திரம்தான். அது மறுத்ததெல்லாம் கார்டை அல்ல, தன்னையே என்று மார்லிஸுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடத்து ஆட்கள் திரும்பி வராவிட்டால் இன்னும் ஒன்றரை வருடத்தில் கடையை மூட வேண்டியதுதான்.

கார்டு நிறுவனத்தின் உதவி எண்ணில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். “ரெண்டு வழி இருக்கு மேடம். எது மருந்து, எது மருந்தில்லைன்னு தானே பிரிக்கிற பில்லிங் மெஷின் வாங்கணும்.”

அதன் விலையைக் கேட்டு மார்லிஸ் உட்கார்ந்துகொண்டாள். “ரெண்டாவது?”

“உங்க விற்பனையில தொண்ணூறு சதவீதம் மருந்துச் சாமான்தான்னு எழுதிக் குடுக்கணும். முழு வருஷத்துக்கு.”

மார்லிஸின் கடை எண்பத்து நான்கில் இருந்தது. மீதி பதினாறு சாக்லேட், கம்பளிக் காலுறை, மெழுகுவத்தி, வாழ்த்து அட்டை.

ஜனவரி முதல் தேதி சாக்லேட்டை எடுத்தாள். சாக்லேட்டுக்கு வருகிறவர்கள்தான் போகிற போக்கில் இருமல் மருந்தும் வாங்கியிருந்தார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. கடை எண்பத்து மூன்றுக்கு இறங்கியது.

பிப்ரவரியில் பரிசு அலமாரியில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளை அடுக்கினாள். காதலர் தினத்தன்று வேறெதுவும் கிடைக்காத ஒரு விவசாயி, ஒன்றைச் சிவப்பு ரிப்பன் கட்டி வாங்கிப் போனான். மறுநாள் காலை அவன் மனைவி அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

“இதைப் பிரிச்சதும் போட்டுப் பாத்தேன். நூத்தி எழுபது. திருப்பி எடுத்துக்க.”

வாழ்த்து அட்டைகளை மட்டும் மார்லிஸால் நிறுத்த முடியவில்லை. யாராவது செத்துக்கொண்டேதானே இருக்கிறார்கள்? விற்றால்தானே கணக்கில் வரும் என்று இலவசமாகக் கொடுத்தாள். தேவாலயத்துப் பெண்கள் அனுதாப அட்டைகளை டஜன் டஜனாக எடுத்துப் போனார்கள். இன்னும் சாகாதவர்களுக்கும் சேர்த்து. வேறெதையும் தொடவில்லை.

“நாங்க ஏதாவது வாங்கி உன் சதவீதம் கெட்டுப்போச்சுன்னா?” என்றார்கள் கரிசனமாக.

இலையுதிர் காலத்தில் சதவீதம் ஏறியது, விற்பனை இறங்கியது.

“ஒரு யோசனை சொல்லட்டுமா?” என்றாள் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த உதவியாளர் கோரின். “வருஷம் பூரா ஒரே ஒரு மாத்திரை வித்தோம்னா நூறு சதவீதம்.”

“உனக்குச் சிரிப்பா இருக்கு.”

“எனக்கு அழுகையா இருக்கு மார்லிஸ். எனக்கு வேற வேலை தெரியாது.”

அதற்குப் பிறகு மார்லிஸ் வெகுநேரம் மருந்து அலமாரிகளின் நடுவே நின்றிருந்தாள். முப்பத்தோரு வருடங்கள். கணவன் இறந்த பிறகு இந்த அலமாரிகள்தான் அவள் வீடு. யாருக்குத் தூக்கம் வருவதில்லை, யார் வீட்டில் குழந்தைக்காக ஏங்குகிறார்கள், யார் பகலில் சிரித்துக்கொண்டே மனச்சோர்வு மாத்திரை விழுங்குகிறார்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு மனிதரை இதைவிட நெருக்கமாக எப்படி அறிவது? லேக்டன் கடையில் பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். பிறந்த தேதியைத்தான் கேட்பார்கள். அங்கே போய் நிற்கிற தன் ஊர்க்காரர்களை நினைத்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது. இவர்களை இந்த அநாதைத்தனத்திலிருந்து மீட்க வேண்டும்.

கம்பளிக் காலுறைகளை அன்றே பெட்டியில் கட்டினாள். மெழுகுவத்திகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்தாள். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி கணக்கு தொண்ணூறு புள்ளி இரண்டில் நின்றது. கோரின் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

ஜனவரி கடைசியில் அனுமதி வந்தது. ‘மருத்துவக் கார்டு இங்கே ஏற்கப்படும்’ என்ற அறிவிப்பை மார்லிஸ் கண்ணாடிக் கதவில் ஒட்டினாள். ஒரு வாரம் ஆயிற்று. கார்டோடு ஒருவரும் வரவில்லை. பனியில் யார் கண்ணிலும் படவில்லை என்று நினைத்து அறிவிப்பை இன்னும் பெரிதாக எழுதி ஒட்டினாள். எதிர்ச் சாரியில் நடப்பவர்கள் அதைப் படித்துவிட்டு வேகமாக நடந்தார்கள்.

எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் தபால் நிலையத்துக்கே போனாள். காலை பத்து மணிக்கு ஊரில் பாதி அங்கேதான் இருக்கும். வரிசையில் பள்ளித் தலைமையாசிரியர் இருந்தார், ஆசிரியை நான்சியும் இன்னொரு ஆசிரியையும் இருந்தார்கள், பாதிரியார் ஸ்கோக்லண்டும் இருந்தார்.

“எல்லாரும் கேளுங்க!” மார்லிஸுக்கு மூச்சு வாங்கியது. “கார்டு நம்ம கடையில வேலை செய்யுது! ஒரு வருஷம் பாடுபட்டேன். இனிமே யாரும் இந்தப் பனியில இருபது மைல் போகவேண்டாம். பாஸ்டர், உங்க கால் விரல் பூஞ்சைக்கு நல்ல மருந்தா வந்திருக்கு. நான்சி, உன் தூக்க மாத்திரையும் தயார்!”

பாதிரியார் தன் பூட்ஸைப் பார்த்தார். எல்லோரும் பாதிரியாரின் பூட்ஸைப் பார்த்தார்கள்.

“என்ன, யாருக்கும் சந்தோஷமில்லையா?”

ஜன்னலுக்குப் பின்னாலிருந்த தபால்கார அம்மாள் ஆர்டிஸ் முத்திரையைக் கீழே வைத்தாள்.

“அடப்பாவமே மார்லிஸ், அந்தச் சாக்கையும் கெடுத்துட்டியா? இனிமே நாங்க உன்கிட்ட என்ன சொல்லிட்டு லேக்டனுக்குப் போறது?”