ரஷ்யாவும் என் சம்பந்தியும்

தஞ்சோங் கிளிங், மலாக்கா
16-9-1939

அன்பும் மரியாதையும் மிகுந்த அத்தான் அவர்களுக்கு மைத்துனன் வீரமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் குஞ்சம்மாவும் மகள் ஜெயமணியும் சுகம். ஈப்போவில் தாங்களும் அக்காளும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன்.

ஜெயமணியின் பரிசத்தில் ஏதோ தகராறாமே என்று அக்காள் விசாரித்திருந்தாள். தகராறு உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் நகையும் அல்ல, சீரும் அல்ல, ரஷ்யா.

பகலில் வக்கீல் ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தாலும், என் உண்மையான உத்தியோகம் வல்லரசுகளை ஆராய்வதுதான் என்பது தங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக இவ்வூர் வாரப் பத்திரிகையில் ரஷ்யாவின் போக்கைப் பற்றி எழுதி வருகிறேன். ரஷ்யாவை நான் பார்த்ததில்லை. ரஷ்யாவும் என் யோசனையைக் கேட்டதில்லை. என்றாலும் ஹனிபா பாய் கடையில் கோப்பி குடிக்கிறவர்கள், என்னைக் கேட்காமல் சண்டை வரும் வராது என்று வாய் திறக்கமாட்டார்கள்.

ஆவணி பிறந்ததும் ஜாசினிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட வந்தார்கள். மாப்பிள்ளை தனபாலன் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸர், தங்கமான பையன். அவர் தகப்பனார் தங்கராஜு அதே தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கண்டக்டர். நல்ல நேரம் மத்தியானத்துக்கு மேல்தான் என்பதால் முதலில் பந்தி போட்டோம். பக்கத்து இலையில் உட்கார்ந்த சம்பந்தி, ஏதாவது பேச வேண்டுமே என்று, ஜெர்மனிக்காரன் சண்டைக்கு வந்தால் ரஷ்யா யார் பக்கம் என்று கேட்டுவைத்தார். கேட்டால் நான் சும்மா இருப்பேனா அத்தான்? என் இலையில் ஏற்கெனவே ரசம் ஓடிவிட்டதால் அவர் இலையிலேயே விளக்கினேன். சோறு ரஷ்யா, உருளைக்கிழங்குப் பிரட்டல் ஜெர்மனி, நடுவில் இருந்த அப்பளம் போலந்து. இந்த இரண்டு பேரும் ஜென்ம விரோதிகள், ஒருநாளும் கைகோக்க மாட்டார்கள் என்று சொல்லி, அவர் அப்பளத்துக்குக் கை நீட்டும்போதெல்லாம் பொறுங்கள், எல்லைக்கு இன்னும் வரவில்லை என்று தடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் அப்பளத்தை நொறுக்கி, சோற்றையும் கிழங்கையும் ஒன்றாகப் பிசைந்து, “ரெண்டு பேரும் சேர்ந்து தின்னுட்டுப் போறானுங்க, விடுங்கலா” என்று வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், உலக நடப்புத் தெரியாதவர் வீட்டில் என் பெண் எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று பந்தியிலேயே கேட்டுவிட்டேன். அவர் எழுந்து கைகழுவி, கொண்டுவந்த தட்டுகளோடு பஸ் ஏறிவிட்டார். குஞ்சம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள். ஜெயமணி அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரமே ரஷ்யாவும் ஜெர்மனியும் ஒப்பந்தம் செய்துகொண்டதாகப் பத்திரிகையில் போட்டுவிட்டான். நான் கோப்பிக்கடைப் பக்கம் தலைகாட்டாமல் பின் சந்து வழியாக வேலைக்குப் போனேன். ஹனிபா பாய் ஆபீசுக்கே கோப்பி கொடுத்தனுப்பி, துக்கத்தில் இருக்கிறவரிடம் காசு வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் ஜெயமணி என் எதிரே வந்து நின்றாள்.

“ரஷ்யாக்காரன் உங்கள ஒரு வார்த்த கேட்டானாப்பா? நான் கேக்குறேன். ஜாசினுக்குப் போயிட்டு வாங்க.”

போனேன். கேலி செய்வார் என்று பயந்துகொண்டேதான் போனேன். சம்பந்தியோ நாற்காலியை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இத்தனை வருஷம் படித்தும் எனக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் நெளிந்தார்.

“ரஷ்யா எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க சம்பந்தி. அப்பளம் நமுத்துப் போவுதேன்னு அவசரப்பட்டுட்டேன்.”

பரிசத்தை முடிக்காமல் எழுந்துவந்ததற்காக அவர் மகனும் அவரோடு பேசுவதில்லையாம். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மறுவாரமே தட்டு மாற்றியாகிவிட்டது. ஐப்பசியில் முகூர்த்தம். தாங்கள் குடும்பத்தோடு தம்பின் ஸ்டேஷனில் இறங்கினால் நான் மோட்டார் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ரஷ்யாவை இனி எழுதுவதில்லை என்று பத்திரிகை ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன். காய்கறிப் பயிரைப் பற்றி எழுதச் சொன்னார். வெண்டைக்காய் திடீரென்று கட்சி மாறாது என்பதால் ஒப்புக்கொண்டேன். மனம் இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது.

அக்காளுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் படித்து முன்னுக்கு வர மாரியம்மன் துணையிருக்கட்டும்.

தங்கள் அன்பை மறவாத மைத்துனன்,
வீரமுத்து

பி.கு. 18-9-1939: தபாலில் போடுவதற்குள் ரஷ்யப் படையும் போலந்துக்குள் புகுந்துவிட்டது. சம்பந்தி காலை பஸ்ஸிலேயே பத்திரிகையும் கையுமாக வந்து உட்கார்ந்திருக்கிறார். பாவம், அவருக்கும் இந்த வியாதி தொற்றிக்கொண்டது. உலகம் இப்படித் தவிக்கும்போது நான் வெண்டைக்காயைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா? ரஷ்யாவும் ஜெர்மனியும் இனி நூறு வருஷத்துக்குப் பிரியமாட்டார்கள் என்று கட்டுரை அனுப்பிவிட்டேன். சம்பந்தியோ அது இரண்டு வருஷம்கூடத் தாங்காது என்கிறார். இவ்வளவு விவரம் இல்லாதவர் வீட்டில் எப்படி அத்தான் பெண்ணைக் கொடுப்பது? ரயில் டிக்கெட் இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.