மூன்று சிலிண்டரும் உங்கள் அத்தையும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் எங்கள் மகளும் உடல்நலத்தோடும், வேளாவேளைக்குச் சாப்பிட்டும், அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், உங்கள் அத்தை மிகவும் நலம், நீங்கள் எங்களிடம் விட்டுப்போன கார் இப்போது நலம். 'இப்போது' என்ற சொல்லைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருப்பீர்கள். அச்சகத்தில் ஆயுசெல்லாம் பிழை திருத்தியவன் நான். எந்தச் சொல்லும் காரணமில்லாமல் வரியில் வந்து உட்காராது என்று எனக்குத் தெரியும். ஆகவே விளக்கிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொலைபேசியில் "வண்டி எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டீர்கள். நான் "அதுக்கென்ன மாப்பிள்ளை, ராஜா மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். காரணம், உங்கள் அத்தை எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு உண்மை நாக்கு வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் புறப்படும்போது சொன்னது ஒரே ஒரு வேலைதான். "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க மாமா, பேட்டரி இறங்காம இருக்கும்." ஆனால் மாப்பிள்ளையின் பொருளை முழுக்கத் தெரிந்துகொள்ளாமல் தொடலாமா? கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டிக்குள் இருந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எல்லோரும் ஆயிரம் சிசி என்ஜின் என்கிறார்கள். அதில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்று இருந்தது. அச்சுப்பிழை என்று பென்சிலால் சுழித்துவைத்தேன். விசாரித்ததில் அதுதான் சரியாம். சுழித்ததை ரப்பரால் அழித்துவிட்டேன், தடம் தெரியாது. மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வு, மொத்தம் அறுபத்தேழு குதிரைசக்தி. சமையலறைக்குப் போய் "நம்ம ஷெட்ல அறுபத்தேழு குதிரை நிக்குது, தெரியுமா?" என்று பெருமையாகச் சொன்னேன். உங்கள் அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல், "அத்தனை குதிரை இருந்தும் நம்ம தெரு மேட்டுல ஏற மாட்டேங்குதே, ஏன்?" என்று கேட்டாள். ஷெட்டை விட்டு நகராத வண்டி மேட்டில் ஏறாதது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. குதிரைகளின் மிதப்பில் இருந்தேன்.

முதலில் நடந்தது எண்ணெய் விஷயம். என்ஜின் எண்ணெயைப் பார்க்க ஒரு குச்சி இருக்கிறதல்லவா, அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அது போதும் என்றுதான் கையேடு சொல்கிறது. ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளை வண்டிக்கு அரைகுறையாக ஊற்றினார்கள் என்று நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே! இலையில் பரிமாறுகிற மாதிரி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றி, மேல்கோட்டைத் தாண்டிக் குச்சி முழுக்க மினுமினுக்கும் வரை உபசரித்தேன். பிறகு ஸ்டார்ட் செய்தேன். பின்னால் நீலமாக ஒரு புகை கிளம்பிற்று பாருங்கள், தெருவே மறைந்துபோயிற்று. எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஓடிவந்தார். அவர் பின்னால் வாயில் பஞ்சோடு ஒரு நோயாளியும் ஓடிவந்தார். அந்த நோயாளி என்னவோ திட்டினார். பஞ்சு இருந்ததால் மரியாதை தப்பியது.

மெக்கானிக்கை அழைத்தோம். இந்தத் தெருவில் அவருக்கு 'இறக்கிடுவோம்' என்று பெயர். நல்ல மனிதர், சிரித்த முகம், ஆனால் எதைக் காட்டினாலும் "என்ஜின இறக்கிடுவோம் சார்" என்பார். டயரில் காற்று இல்லை என்றாலும் அதுதான். புகையைப் பார்த்தவுடனே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அதையே சொன்னார். உங்கள் அத்தை, "இவர் ஊத்தினத இறக்கினா போதும்" என்றாள். அடியில் இருந்த ஒரு திருகாணியைக் கழற்றி, நான் உபசரித்ததை எல்லாம் ஒரு வாளியில் பிடித்தார்கள். புகை நின்றது.

அடுத்து, நடுக்கம். மூன்று சிலிண்டர் வண்டி நின்ற இடத்தில் கொஞ்சம் ஆடத்தான் செய்யுமாம். மூன்று பேர் சேர்ந்து ஒரு பீரோவைத் தூக்கினால் ஆடாதா, அது மாதிரி. ஆனால் இது அந்த ஆட்டம் இல்லை. ஒரு நாள் காலை ஸ்டார்ட் செய்ததும் விக்கல் எடுத்தவர் போல வண்டி குலுங்கியது. எதிரே மஞ்சளாக ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. சும்மா எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டவும், சிமிட்டினால் உடனே நிறுத்தவும் என்று படித்திருந்தேன். பதறிப்போய், "ஏம்மா, இங்க வா, இது கண்ணச் சிமிட்டுது!" என்று கத்தினேன். "இந்த வயசுல உங்களப் பார்த்து அதுவாவது சிமிட்டட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், என்ஜின் பக்கம் காதை வைத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். உங்களுக்குத்தான் தெரியுமே, அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டாள். "மூணு லைன்ல ரெண்டு பேசுது. ஒண்ணு செத்துக் கிடக்கு. அணைச்சிடுங்க" என்றாள்.

மெக்கானிக் வந்தார். "இறக்கி..." என்று ஆரம்பித்தவரிடம் அவள் விவரத்தைச் சொன்னாள். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் மேலே மின்சாரம் கொடுக்க 'காயில்' என்று ஒரு கம்பிச்சுருள் உண்டாம். சின்ன என்ஜின்களில் அடிக்கடி மண்டையைப் போடுவது அதுதானாம். எது பேசாத சிலிண்டர் என்று கண்டுபிடித்து, அதன் காயிலையும் பக்கத்துக் காயிலையும் இடம் மாற்றிப் போட்டார். கோளாறும் கூடவே அடுத்த சிலிண்டருக்குக் குடிபோயிற்று! "அம்மா, குற்றவாளி சிக்கிட்டான்" என்று அவர் கத்த, உங்கள் அத்தை கைதட்ட, நான் மட்டும் 'இதை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது' என்று நின்றேன். புதுக் காயில் போட்டதும் மூன்றும் ஒரே குரலில் பேசின.

இனி நான் சொல்லப்போவதை எங்கள் மகள் பக்கத்தில் இல்லாதபோது படிக்கவும். போன மாதம் ஒரு காலை ஷெட்டைத் திறந்தேன். எப்போதும் சுவரைப் பார்த்து நிற்கிற கார், அன்றைக்குத் தெருவைப் பார்த்து நின்றது. கார் ராத்திரியில் திரும்பிப் படுக்குமா மாப்பிள்ளை? உள்ளே போய்க் கேட்டேன். உங்கள் அத்தை தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான்தான் திருப்பினேன்."

"நீயா?"

"ரிவர்ஸ்ல. ஒரே தடவைல."

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மாளை அருகில் உட்காரவைத்துக்கொண்டு, நான் நூலகத்துக்குப் போகும் நேரமெல்லாம் பழகியிருக்கிறாள்! "நின்ன இடத்துல உறுமிட்டு அணைச்சா பேட்டரிக்கு என்ன பிரயோஜனம்? கொஞ்சம் ஓடினாத்தான் சார்ஜ் ஏறும்" என்றாள். நான் "அது மாப்பிள்ளை வண்டி!" என்றேன். "மாப்பிள்ளைக்குப் பொண்ணையே குடுத்திருக்கோம்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "வாழ்நாள் பூரா நாற்காலில உட்கார்ந்து ஊரார எல்லாம் அங்கேயும் இங்கேயும் சேர்த்து வச்சேன். நான் எங்கயும் போனதில்லைங்க. வியாழக்கிழமை டெஸ்ட். வர்றீங்களா?" என்று கேட்டாள். நான் போனேன். கோபமாகத்தான் போனேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளவும்.

அந்த மைதானத்தில் வளைவு, நிறுத்தக் கோடு, கடைசியில் ஒரு செயற்கை மேடு. ஓட்டி ஏறி, மேட்டின் பாதியில் நின்று, பின்னால் ஒரு விரற்கடைகூட நழுவாமல் மறுபடி கிளம்ப வேண்டும். பரீட்சை அதிகாரி சிரிப்பு என்றால் என்ன என்று கேட்கிற முகம். அவர் ஏறி உட்கார்ந்தார். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். முன்கதவுக் கண்ணாடி இறக்கியிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. வளைவில் நன்றாகப் போனாள். நிறுத்தக் கோட்டில் நின்றாள். நின்றதும் என்ஜின் மெல்ல இழுத்து, இழுத்து, அணைந்துவிட்டது. காற்று உள்ளே போகும் வழியில் கரி படிந்தால் இந்த என்ஜின் இப்படி நின்ற இடத்தில் உயிரை விடுமாம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அதிகாரி பேனாவைத் திறந்தார். உங்கள் அத்தை கொஞ்சமும் பதறாமல், "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். பழக்க தோஷம். அந்த மனிதரும் "சரிங்க" என்று காத்திருந்தார்!

அடுத்து மேடு. பாதியில் நின்றாள். அணைந்துவிடாமலிருக்க ஆக்சிலரேட்டரை இம்மி இம்மியாக மிதித்து, தலையைச் சற்றுச் சாய்த்து, மூன்று சிலிண்டரும் ஒன்றாகப் பேசும் அந்தக் கணத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, 'ஏறு, ஏறு' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஹேண்ட் பிரேக்கை விட்டாள். ஒரு நூல் பின்னால் வரவில்லை மாப்பிள்ளை. தேர் மாதிரி ஏறிற்று. இறங்கியதும் அதிகாரி கேட்டார்: "வண்டி அடிக்கடி நின்னுடுமா?"

"வண்டி நிக்கும் சார். நான் நிக்க மாட்டேன்."

சிரித்துவிட்டார். பல் தெரிந்தது. கையெழுத்துப் போட்டார். நான் வேலிக்கு வெளியே இருந்து கைதட்டினேன். வரிசையில் நின்ற இளவட்டங்களும் காரணம் தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள். திரும்பி வரும்போது அவள் என்னை ஒரு வார்த்தை பேசவிடவில்லை, பாடிக்கொண்டே ஓட்டினாள். மறுநாள் மெக்கானிக் அந்தக் கரியைத் துடைத்தெடுத்தார். இப்போது என்ஜின் ஓடுகிறதா என்றே தெரியாத அமைதி. இறக்குவதற்கு ஒன்றுமில்லை என்று அவர் முகம்தான் வாடிவிட்டது.

ஆனாலும் மாப்பிள்ளை, அடுத்தவர் பொருள் அடுத்தவர் பொருள்தான். எனக்கோ ரத்தக்கொதிப்பு. தயவுசெய்து உங்கள் தம்பியிடம் சொல்லி இந்த வாரமே வண்டியை எடுத்துப்போகச் செய்யுங்கள். இனி நாங்கள் இருவரும் அதைத் தொடுவதில்லை என்று நேற்றிரவு தீர்மானமாகப் பேசி முடித்துவிட்டோம். உங்கள் அத்தை மறுபேச்சு பேசாமல் ஒப்புக்கொண்டாள். கார் குளித்து, துடைத்து, உறை போர்த்தி ஷெட்டில் நிற்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, கேட்காத நாளிலும் சிரித்து, நீடூழி வாழ வேண்டும். உங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மீது என்றும் அன்புள்ள மாமனார்.

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டித் தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது, அதனால் பிரித்து எழுதுகிறேன். உங்கள் அத்தை பேசினாள். கடற்கரையிலிருந்து. பின்னால் அலைச் சத்தமும் பல் டாக்டர் மனைவியின் சிரிப்பும் கேட்டன. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஷெட்டில் கார் உறைக்குள் நிற்பது நம் சாப்பாட்டு நாற்காலிகளும் துணி உலர்த்தும் ஸ்டாண்டும். "வழியெல்லாம் ஒரு தடவை கூட நிக்கலைங்க, பஸ்ஸப் பிடிச்சு வாங்க, திரும்பறப்போ சேர்ந்து வரலாம்" என்கிறாள். ஆகவே உங்கள் தம்பிக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்கச் சொன்னால், எங்களைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் சரி என்று சொல்லிவிடவும். துண்டும் மாற்றுச் சட்டையும் எடுத்து வைத்துவிட்டேன், பஸ்ஸுக்கு நேரமாயிற்று.