பீப் அண்ணாச்சி

சங்கரன்கோவிலுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதைக் கும்பிட்டவர்கள் உண்டு, பயந்தவர்கள் உண்டு. அதன்மேல் காதை வைத்துக் காத்திருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் நூல் கம்பெனியின் பீப் அண்ணாச்சி.

எண்பதுகளின் கடைசி. மதுரை ஆபீசில் பெண்கள் நாலைந்து பேர் ஆர்டர்களை டைப் அடித்து, பிளாப்பியில் ஏற்றி, பஸ்ஸில் கொடுத்து விடுவார்கள். அண்ணாச்சி சின்னதாக ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அது பைலை வரிவரியாகப் படித்து எங்கள் ஊர் ஆர்டரை மட்டும் பிரித்துத் தரும்.

ஆனால் காலையில் வந்த பிளாப்பியை மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் போடுவார். அப்போது ஆபீசில் யாரும் மூச்சுவிடக் கூடாது.

"ஏலே, அப்பளத்த நொறுக்காத! ஒண்ணும் கேக்க மாட்டுக்கு!"

நான் அப்பளத்தை ரசத்தில் ஊறப்போட்டு விழுங்குவேன்.

ஒருநாள் மேனேஜர் பிடித்துக்கொண்டார். "காலையிலயே ஓட்டுனா என்ன வே?"

"கீழ தறி ஓடுதுல்லா சார். சாப்பாட்டு நேரத்துலதான நிக்கும்."

"தறிக்கும் இதுக்கும் என்ன வே சம்பந்தம்?"

"சத்தம் கேக்காது சார். மொதல்ல தறி நிக்கட்டும்னு கரண்ட் போறதுக்குக் காத்திருந்தேன். கரண்ட் போனா இதுவும்லா நின்னு போவுது!"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மதுரையில் டைப் அடிப்பவர்களில் ஒருத்தி அவர் மனைவி. கல்யாணமானதும் மாற்றல் கேட்டு மனுப் போட்டார்கள், பதிலே இல்லை. அடித்தவர் பெயரின் முதலெழுத்து ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருக்கும்.

"அவ அடிச்ச வரி வந்தா மட்டும் பீப் அடிக்கச் சொல்லி வச்சிருக்கேன் சார்."

மறுநாள் மேனேஜரும் அப்பளத்தை ஊறப்போட்டார்.

ஒரு மதியம் பைல் முழுதும் ஓடி முடிந்தது. ஒரு பீப் கூட இல்லை. அண்ணாச்சி புரோகிராமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிழையே இல்லை. முகம் செத்துப்போயிற்று.

"அவளுக்கு என்னமோ ஆயிட்டு மக்கா!"

சட்டையில் ஒட்டிய சோற்றுப் பருக்கையோடு மதுரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அவர் பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், ட்ரங்குப் பெட்டியும் மாற்றல் ஆர்டருமாக அண்ணாச்சி மனைவி, எங்கள் மதினி, ஆபீஸ் படியேறி வந்தார். முந்தின நாளே மதுரையில் விடுவித்துவிட்டார்களாம். வருவதாகப் போட்ட கடிதம் இன்னும் வந்து சேரவில்லை.

சேதியைக் கேட்டுச் சிரித்தவர், அண்ணாச்சி நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். "அவுக எழுதுன புரோகிராம் எது?" என்று மட்டும் கேட்டார்.

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து மாடிப்படியில் அண்ணாச்சி தளர்ந்து ஏறி வருவது தெரிந்தது. மதினி ஒரு வரி அடித்து ஓடவிட்டார்.

பீப்.

கீழே அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் அது காதில் விழுந்து அண்ணாச்சி படியிலேயே நின்றுவிட்டார்.

"வரி சரியா வருதான்னு வந்து பாருங்க," என்றார் மதினி.

பிறகு இருவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சியைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. இன்றைக்கும் மதியத்தில் தறி நின்றால், என் கை தானாக அப்பளத்தை ரசத்தில் போட்டுவிடுகிறது.