ஆறு டப்பாவும் ஒரு பயில்வானும்

மனிதகுல நாகரிகத்தின் உச்சம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அதில் நெஞ்சுச் சளியைத் துப்பி, காலை எட்டு மணிக்குள் சுகாதார அலுவலகத்தில் சமர்ப்பித்தால், 'வெளிநாட்டவர்' என்ற ஐயப்பாடு நீங்கி, இன்னும் ஓராண்டு இந்நாட்டில் மூட்டை தூக்கும் பேறு கிட்டுகிறது. பாமரர் இதைக் காசநோய்ப் பரிசோதனை என்பர்.

எங்கள் அறையில் ஆறு பேர். ஆறு டப்பா வந்தது. அக்கா வீட்டுக்காரரான என் மச்சான் மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தார். கிருமி தெரிந்தால் அன்றைக்கே விமானம் ஏற்றிவிடுவார்கள் என்பது குளியலறை வரிசையில் உறுதிசெய்யப்பட்ட தகவல். உடனே அவசரக் கூட்டம் கூடியது.

"மச்சான் துப்பினா மாட்டிக்குவார். அவருக்குப் பதிலா நம்ம பயில்வான் துப்பட்டும்," என்று முன்மொழிந்தேன்.

பயில்வான், கிடங்கில் இரண்டு மூட்டையை ஒரே தோளில் தூக்குபவர். அவர் தும்மிக்கூட யாரும் பார்த்ததில்லை.

"எனக்கும் சேர்த்துப் போட்டுருங்கண்ணே. எதுக்கு ரிஸ்க்கு?" என்றான் டிரைவர்.

"அப்ப எனக்கும்," என்றார் சமையல்காரர்.

"டேய், நான் என்ன தெருக்குழாயாடா?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மறுநாள் காலை பயில்வான் வெந்நீர் குடித்து, செருமி, ஆறு டப்பாவுக்கும் பாரபட்சமின்றி வழங்கினார். கர்ணனிடம்கூட ஒரு கவசம்தான் இருந்தது.

நான்காம் நாள் நர்சம்மா மாஸ்க்கோடு அறைக்கே வந்துவிட்டார்.

"ஆறு பேருக்கும் டிபி."

மச்சான் பாய்ந்து பயில்வானின் சட்டையைப் பிடித்தார். "பாவி, உன்னை நம்பித்தானேடா இருந்தேன்!"

"ஓசியில வாங்கிட்டு நொட்டை வேற சொல்றீங்களா?"

குட்டு உடைந்தது. நர்சம்மா கண்ணெதிரே நின்று மறுபடி துப்பவைத்தார். மச்சானுக்கு வெறும் வெல்டிங் புகை இருமல். மற்றவர்களும் சுத்தம். பயில்வானுக்கு மட்டும் டிபி உறுதியானது.

அத்தனை பெரிய உடம்பு கட்டில் ஓரத்தில் சுருங்கி உட்கார்ந்தது. "என்னை ஊருக்கு அனுப்பிருவீங்களாம்மா?"

"யாரு சொன்னா? ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள் விடாம சாப்பிட்டா குணமாயிடும். முதல்ல அந்த ஜன்னலைத் திறங்க."

"அது திறக்க வராதும்மா. கம்பெனி ஆணி அடிச்சிருக்கு. ஏசி வீணாப் போயிடுமாம்."

"ஏசி எங்க?"

"அது இன்னும் வரலை."

பெர்மிட் புதுப்பிக்க ஒரு படிவம் மட்டும் பாக்கி என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பயில்வானோடு நானும் போனேன். முதல் கேள்வி: 'நோய் எந்த நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது?'

"வருஷா வருஷம் சுத்தம்னு நீங்கதானே சார் சீல் வெச்சீங்க? இங்கதான் ஒட்டியிருக்கு," என்றார் பயில்வான்.

எழுத்தர் நேர்மையானவர். நாடுகளின் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை தேடினார். "இந்த நாடு இதுல இல்லையேப்பா. உங்க நாட்டுக்கு நேரா டிக் போடு. இல்லேன்னா பெர்மிட் வராது."

பயில்வான் டிக் போட்டார். முத்திரை விழுந்தது. அம்மா செத்ததற்குக்கூட லீவு கிடைக்காமல் ஒன்பது வருடமாக ஊர்ப்பக்கமே போகாத மனிதர், ஊருக்குப் போய் நோயை வாங்கிவந்தார் என்று அரசாங்கமே சான்றளித்தது.