பொம்பிளை பார்க்க ஓமந்தைக்குப் போனது

என் கால்கள் குட்டை. இதை நான் வாய் திறந்து ஒப்புக்கொள்வதற்கு ஒரு தலைமை ஆசிரியரும் ஒரு சைக்கிள் கடைக்காரரும் ஓமந்தையில் ஒரு முழுக் குடும்பமும் அவதிப்பட வேண்டியிருந்தது. அதற்கு முன் நான் சராசரி உயரம் என்றுதான் நம்பியிருந்தேன். (மற்றவர்கள் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்துவிட்டார்கள் என்பது என் கட்சி.)

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு வவுனியாப் பக்கம் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. நெளுக்குளத்தில் ஓர் அறையில் தங்கினேன். பள்ளிக்கூடம் அங்கிருந்து நாலு மைல் உள்ளே, பஸ் கிடையாது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் வாங்கப் போனேன். கடையில் இரண்டு அளவு இருந்தது. ஒன்றின் சட்டம் இருபத்திரண்டு அங்குலம், மற்றது இருபத்திநாலு. சைக்கிள் ஓடுகிறவர்கள் அங்குலம் என்ற சொல்லையெல்லாம் விட்டுவிட்டு இருபத்திரண்டு, இருபத்திநாலு என்றுதான் சொல்வார்கள். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேசாமல் இருபத்திரண்டை எடுத்து முன்னால் நிறுத்தினார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு மாஸ்ரருக்கு இருபத்திநாலுதான் எடுப்பு என்று நானே தீர்மானித்து, பெரியதை வாங்கி ரயிலில் ஏற்றினேன்.

அதில் ஏறினால் என் கால் நிலத்தில் படாது. நடுவில் குறுக்கே போகும் பார் என் இடுப்பளவில் நின்றது. வேட்டியோடு அதைத் தாண்டி ஏறுவதற்கு ஒரு மதகுக் கட்டு வேண்டும். இறங்குவதற்கு இன்னொரு மதகுக் கட்டு வேண்டும். நாலு மைலுக்கும் சேர்த்து மூன்று மதகுகளே இருந்தன. வழியில் ஒரு மாடு மறித்து நான் விழுந்தால், அடுத்த மதகு வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அந்தப் பாதையில் மாடுகளுக்குக் குறைவில்லை. கிழமையில் பாதி நாள் பள்ளிக்குப் பிந்தியே போனேன்.

பிந்துவதைக்கூடத் தலைமை ஆசிரியர் பொறுத்திருப்பார். நான் இறங்காததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. பெரியவர்களை வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும். அந்தக் காலத்து மரியாதை அது. அவரோ ஒவ்வொரு நாளும் மதகே இல்லாத இடமாகப் பார்த்து நடந்து போவார். நான் மணியை அடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, அவரைக் கடந்து பறந்துவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்.

"மாஸ்ரர், நீர் யாழ்ப்பாணத்திலை பெரிய இடமோ?"

"இல்லை ஐயா."

"பிறகேன் என்னைக் கண்டால் மணியடிச்சுக்கொண்டு ராசா மாதிரிப் போறீர்? மாசக் கடைசியிலை உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி நான்தான் எழுதவேணும். திங்கட்கிழமை நேரத்துக்கு வந்து, என்னைக் கண்டால் ஒழுங்காய் இறங்கும். இல்லாட்டி நான் வேறை மாதிரி எழுதவேண்டி வரும்."

"கால் எட்டாது ஐயா" என்று அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சொல்ல வெட்கமாக இருந்தது. வேலை போனாலும் போகட்டும், உயரம் போகக்கூடாது என்று நினைக்கிற வயது. அன்று பின்னேரமே வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் சின்னத்துரை அண்ணையிடம் ஓடினேன். (ஓடினேன் என்றால், உருட்டிக்கொண்டு.)

அவர் என் காலையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்ரர், உங்களுக்குப் பொம்பிளைதான் சரி."

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. பிறகு விளக்கினார். பார் இல்லாத, பெண்கள் ஓடுகிற சைக்கிளுக்குப் பொம்பிளைச் சைக்கிள் என்று பெயர். சைக்கிள் கடைக்குள் சைக்கிள் என்ற சொல்லை எத்தனை தரம்தான் சொல்வது? ஆகவே வெறும் பொம்பிளை.

"ஓமந்தையிலை வைத்திலிங்கத்தார் வீட்டிலை ஒண்டு சும்மா நிக்குது. நல்ல ஆள் வந்தால் குடுப்பினம். ஞாயிற்றுக்கிழமை பாக்க வாறியள் எண்டு பஸ் கொண்டக்டரிட்டைச் சொல்லிவிடுறன்."

சொல்லியும் விட்டார். "ஞாயிற்றுக்கிழமை ஒரு மாஸ்ரர் பொம்பிளை பாக்க வாறார்" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் கல்யாண வயதில் ஒரு மகளும் இருந்தாள் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் ஓமந்தையில் இறங்கினேன். சும்மா நின்ற சைக்கிளுக்குக் காற்று இருக்காது என்று, பழைய பேப்பரில் சுற்றி ஒரு பம்பும் கொண்டுபோனேன். வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. வைத்திலிங்கத்தார் படலைக்கே வந்து வரவேற்றார். பக்கத்தில் சால்வை போட்ட ஒரு மாமா. கதிரையில் இருத்தினார்கள். பயித்தம்பணியாரம், முறுக்கு, கதலி வாழைப்பழம் எல்லாம் வந்தன. குசினிக் கதவுக்குப் பின்னால் பெண்கள் குசுகுசுத்தார்கள். எனக்கு ஒரே குழப்பம். ஒரு பழைய சைக்கிளை விற்க இவ்வளவு பலகாரமா? சைக்கிளில் ஏதோ பெரிய பழுது இருக்கிறது, அதை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

"தம்பி தனியவோ வந்தனீங்கள்? பெரியாக்கள் ஒருத்தரும் வரேல்லையோ?" என்று கேட்டார் வைத்திலிங்கத்தார்.

"இதுக்கேன் ஐயா பெரியாக்கள்? பிடிச்சால் நானே இண்டைக்குக் கொண்டுபோயிடுவன்."

மாமாவுக்கு வெற்றிலை புரையேறியது. வைத்திலிங்கத்தார் என் அவசரத்தைப் பெருந்தன்மையோடு மன்னித்து, குரலைத் தாழ்த்தி, "இருபத்திரண்டு, தம்பி. உங்களுக்குப் பொருந்தும்தானே?" என்றார்.

"இருபத்திரண்டோ! எனக்கு அளவெடுத்தது மாதிரி. இருபத்திநாலோடை நான் படுற பாடு போதும்."

"இருபத்திநாலோடையோ?"

"ஓம். இப்பவும் என்ரை அறையிலைதான் நிக்குது. எடுப்பாய் இருக்குமெண்டு நம்பி யாழ்ப்பாணத்திலையிருந்து ரயிலேத்திக் கொண்டு வந்தனான். மூண்டு தரம் என்னைத் தூக்கி வாய்க்காலுக்கை எறிஞ்சிட்டுது. இதைக் கொண்டுபோனாப் பிறகு அதை ஆருக்கேன் வித்துப்போடுவன்."

குசினிக்குள் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. மாமா எழும்பி நின்றார். சைக்கிளை எடுத்துவரத்தான் எழும்புகிறார் என்று நினைத்தேன்.

"கொட்டிலுக்கையோ நிக்குது? வெயிலுக்கை கொண்டு வாங்கோ மாமா. உள்ளுக்கை வைச்சுப் பாத்தால் துருப்பிடிச்சது தெரியாது."

மாமா சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். அந்த நேரம்தான் மகள் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். பரமேஸ்வரி என்று பெயர். தட்டத்தை வைக்க மேசையில் இடம் தேடியவள், பேப்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பம்பைக் கண்டாள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு தட்டம் ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"அப்பா, பொம்பிளை பாக்க வாறவை வாழைப்பழம் கொண்டு வருவினம். இவர் பம்ப் கொண்டு வந்திருக்கிறார். இவர் என்னைப் பாக்க வரேல்லை. என்ரை சைக்கிளைப் பாக்க வந்தவர்."

வவுனியாவில் படித்த காலத்தில் அவள் சின்னத்துரை அண்ணையிடம்தான் சைக்கிளைத் திருத்தக் கொடுப்பாளாம். கடைப் பேச்சு அவளுக்கு அத்துப்படி.

நான் கதிரையோடு சேர்ந்து சுருங்கிப்போனேன். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தது. கை கூப்பிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மதகு, மாடு, தலைமை ஆசிரியர், திங்கட்கிழமை. "எனக்குக் கால் எட்டாது ஐயா. நாளைக்கு இறங்காட்டி வேலை போயிடும்" என்றேன். முன்பின் தெரியாத ஒரு வீட்டில், வாயில் பணியாரத்தோடுதான் அந்த உண்மையை முதல் தடவை சொன்னேன்.

"பொம்பிளையும் இல்லை, சைக்கிளும் இல்லை. எழும்பும்!" என்றார் வைத்திலிங்கத்தார். பலகாரத் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் எழும்பினேன். பரமேஸ்வரி மறித்தாள்.

"அப்பா, வேலிக்கு மேலாலை எத்தினை தலை தெரியுது பாருங்கோ. இவர் இப்ப வெறுங்கையோடை போனால் என்ன கதைப்பினம்? மாப்பிளை வந்தவர், பெட்டையைப் பிடிக்கேல்லை, எழும்பிப் போயிட்டார் எண்டு கதைப்பினம். சைக்கிள் பாக்க வந்தவரெண்டால் சைக்கிளோடைதான் போகவேணும்."

அதுவரைக்கும் என் வேலை, என் கால், என் மானம் என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தவன் நான். என் முட்டாள்தனத்தால் அவள் பெயருக்கல்லவா ஊரில் பழுது வரப் பார்த்தது? உண்மையிலேயே வெட்கப்பட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மாஸ்ரர், ஒழுங்கையாலை போகேக்கை மணியை விடாமல் அடியுங்கோ. ஆர் கேட்டாலும் சைக்கிள் வாங்கினனான் எண்டு சத்தமாய்ச் சொல்லுங்கோ."

மாமாதான் சைக்கிளைக் கொண்டுவந்தார். நான் காசைக் கொடுத்தேன். என் பம்பால் இரண்டு சில்லுக்கும் நானே காற்றடித்தேன். ஏறி உட்கார்ந்தேன். என்ன சொல்ல! இரண்டு பாதமும் நிலத்தில் பட்டன. ஓமந்தை ஒழுங்கை முழுவதும் மணியடித்து, "சைக்கிள் வாங்கினனான்! சைக்கிள்!" என்று மீன்காரர் மாதிரிக் கூவிக்கொண்டு போனேன்.

வேலிக்கு மேலாலே பார்த்தவர்கள் ஆனால் வேறு கணக்குப் போட்டார்கள். மாப்பிள்ளை வந்தார், பலகாரம் சாப்பிட்டார், பொம்பிளையின் சைக்கிளில் ஏறிச் சிரித்துக்கொண்டு போனார். அப்படியென்றால் சம்பந்தம் முடிந்தது, சீதனத்தில் ஒரு பங்கு முன்கூட்டியே கைமாறிவிட்டது. பஸ் கொண்டக்டர் இந்தச் செய்தியை எனக்கு முன்னால் வவுனியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியர் வழக்கம்போல மதகில்லாத இடத்தில் நடந்துகொண்டிருந்தார். நான் பத்தடிக்கு முன்னமே இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றேன். அவர் சைக்கிளைப் பார்த்தார். பார் இல்லாததைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கேள்விப்பட்டனான் மாஸ்ரர். கலியாணம் எண்டு முதலே சொல்லியிருந்தால் நான் கோபிச்சிருப்பனோ? பொறுப்பு வந்தவுடனை மரியாதையும் வந்திட்டுது பாரும். நல்லபடியாய் எழுதிவிடுறன்."

"ஐயா, அது வந்து..." என்றேன். மேலே ஒரு வார்த்தையும் வரவில்லை. (வரவில்லை என்பதைவிட, நான் வரவிடவில்லை என்பதுதான் சரி.) நிரந்தரக் கடிதம் கைக்கு வந்த அன்றே அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அந்த இருபத்திரண்டு இருபத்திநாலுக் கதையை மற்ற ஆசிரியர்களுக்கும் ஒருதரம் சொல்லிக்காட்டும்படி கேட்டார்.

அடுத்த வருடம் பரமேஸ்வரிக்குப் பரந்தனில் மாப்பிள்ளை பொருந்தியது. எனக்கும் அழைப்பு வந்தது. வைத்திலிங்கத்தார் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "இவர்தான் எங்கடை மூத்த மருமகன். சைக்கிளைக் கட்டினவர்" என்று மாப்பிள்ளைக்கு அறிமுகம் செய்தார். மாப்பிள்ளை என் வேட்டியையும் என் முகத்தையும் பார்த்துக் குழம்பி நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எனக்குக் கல்யாணம் நடந்தது அதற்கும் மூன்று வருடம் கழித்து. முதலிரண்டு நாளிலேயே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. இன்றைக்கும் வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால், தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்லுவாள்:

"நான் இவருக்கு ரெண்டாந்தாரம். முதல் தாரம் ஓமந்தை."

வந்தவர்கள் என்னை இரக்கத்தோடு பார்ப்பார்கள். யாராவது ஒருவர் மெல்லக் கேட்டேவிடுவார்.

"ஐயோ, அவாவுக்கு என்ன நடந்தது?"

"ரெண்டு சில்லும் நெளிஞ்சு போச்சு. தபால்காரருக்குக் குடுத்துப்போட்டார்."