பிலோமெனாவைக் கடித்தது யார்?

பிலோமெனாவின் பிடரியில் பல் பதிந்திருந்தது.

தொன் ஹெர்மிலோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பல் தடமேதான். கண்ணாடித் தொட்டிக்குள் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. தன் பிடரியைத் தானே கடித்துக்கொள்ள, சிறுத்தைப் பல்லிக்குக் கழுத்து என்ன ரப்பரா?

"ஒப்துலியா! இவளை யாரோ கடிச்சிருக்காங்க!"

மோலே குழம்பு கிளறிக்கொண்டிருந்த மனைவி கரண்டியோடு வந்தாள். "என்னை ஏன் பாக்கிற கிழவா? எனக்கு வேற வேலை இல்லையா? உண்மையச் சொல்லு, எனக்குத் தெரியாம இன்னொண்ணு வாங்கிட்டியா?"

"ஐயோ, மாதா சத்தியமா இல்லை!"

"இந்த வீட்டுல ஒரு பல்லிதான். ரெண்டாவதைப் பாத்தேன், ரெண்டையும் சந்தையில வித்துட்டுத்தான் மறுவேலை."

ஹெர்மிலோ தொட்டியை மறைத்தாற்போல் நின்றுகொண்டார். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற நாளாய் அவர் பேச்சைக் குறுக்கே வெட்டாமல் கேட்கிற ஒரே ஜீவன் பிலோமெனாதான். பியூப்லா நிலையத்தில் எஞ்சின் தடம் புரண்ட கதையை நூறாவது முறை சொன்னாலும் முதல் முறை கேட்பதுபோல் கண் கொட்டாமல் பார்ப்பாள்.

கறிக்கடை கிரெசென்சியோவிடம் ஓடினார். ஹெர்மிலோவின் மகளுக்கு ஞானத்தகப்பன், அந்த முறையில் அவருக்குக் 'கொம்பாத்ரே', ஊருக்கெல்லாம் ஆலோசகர்.

"தனிமை, கொம்பாத்ரே, தனிமை!" என்று எலும்பை வெட்டினார் கிரெசென்சியோ. "நம்ம ஊர்ல எவனாவது தனியா சாப்பிடுறானா? செத்தவனையே தனியா விடாம கல்லறையில போய்க் கூட உக்காந்து சாப்பிடுறவங்க நாம. ஒரு துணையைப் பிடிச்சுப் போடு."

"துணையா?" என்று, அங்கிருந்து ஹெர்மிலோ போய்க் கேட்டதும், நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார் கால்நடை ஆஸ்பத்திரி மருத்துவர் பால்தொமேரோ. "சேத்து வெச்சா ஒண்ணு வாலை விடும், இன்னொண்ணு உயிரை விடும். இது தனிக்கட்டையாப் பிறந்த ஜாதி. எங்கயாவது இடிச்சுக்கிட்டிருக்கும். நீங்களும் பக்கத்துல உக்காந்து கதையளக்காதீங்க. சாயங்காலமானா வெளிய போயிடுங்க."

ஹெர்மிலோ விசுவாசமாகக் கேட்டார். தினம் சாயங்காலம் சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து புறாக்களுக்கு எஞ்சின் கதை சொன்னார். அவை பாதியிலேயே பறந்தன.

"நீ நிம்மதியாப் போயிட்டு வா, நான் இருக்கேன்ல?" என்று ஒப்துலியா தொப்பியைக்கூட எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

திரும்பி வந்து பார்த்தால் பிடரியில் புதிய கடி!

"அமைதி போதலை," என்றார் மருத்துவர். தொட்டி பின்னறைக்குப் போனது. கடி கூடியது. "இன்னும் அமைதி வேணும்." ஹெர்மிலோ ஞாயிறு முழுக்க அத்லிஸ்கோ என்ற பக்கத்து ஊரில் மைத்துனன் வீட்டில் கிடந்தார். திரும்பியபோது பிலோமெனாவின் கழுத்து சல்லடை. தனியாக விடவிட, யாரோ கூட்டமாக வந்து கடிப்பதுபோல் இருந்தது. தனக்குத்தான் தூக்கத்தில் பல் முளைக்கிறதோ என்று கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டார்.

சில வாரத்தில் அவள் இரண்டு முட்டை இட்டாள்.

"ஆணில்லாமலே கூட இடும், கூமுட்டையாப் போகும்," என்ற மருத்துவர், கொஞ்ச நாள் கழித்து முட்டையை விளக்குக்கு நேரே பிடித்ததும் மறுபடி குனிந்து பார்த்தார். உள்ளே சிவப்பு நரம்பு ஓடியது. "தொன் ஹெர்மிலோ, இதுக்கு ஒரு அப்பன் இருக்கான்."

"அவ தனியாத்தான் இருந்தா, டாக்டர்!"

"எல்லாப் பெத்தவங்களும் இதைத்தான் சொல்றாங்க."

செய்தி கேட்ட கிரெசென்சியோ கத்தியைக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். ஒப்துலியாவோ வீடு இடிகிற மாதிரி கத்தினாள். "எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கே அந்த ஆம்பளைப் பல்லியை?" ஹெர்மிலோவின் பூட்ஸை உதறினாள், காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்தாள், கிட்டார் ஓட்டைக்குள் கையை விட்டாள். "சத்தியத்தை மீறிட்டே. நாளைக்கே பிலோமெனா சந்தைக்குப் போறா!"

"ஒரே ஒரு தடவை டாக்டர்கிட்ட வா, பெண்ணே. நான் இன்னொண்ணைக் கண்ணால கண்டதில்லைன்னு அவர் முன்னால மாதா மேல கை வெச்சுச் சொல்றேன். அப்புறம் உன் இஷ்டம்."

"எனக்குத் தலைவலி."

"மாத்திரை வாங்கித் தரேன்."

"மோலே அடிப்பிடிக்கும்."

"அடுப்பே பத்த வைக்கலையே!"

"அந்த ஆஸ்பத்திரி எந்தத் தெருவுல இருக்குன்னே எனக்குத் தெரியாது!"

"நான் கூட்டிட்டுப் போறேன்."

வாழ்நாளில் முதல்முறையாக ஹெர்மிலோ மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். மண்டையைப் பிளக்கிற வெயிலில் அவள் சால்வையை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டாள். வாசலில் அவரை முன்னே தள்ளிவிட்டு, பின்னால் ஒண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த வரவேற்புப் பெண் நிமிர்ந்தாள். சால்வைக்குள் தெரிந்த கண்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, தோன்யா ஒப்துலியா! உங்க ஆம்பளைப் பல்லிக்கு வால் திரும்ப முளைச்சிடுச்சா?"